படலைக்கு வெளியே நின்ற இளவரசன்

1

இந்தத் தை மாதத்தோடு நான் சென்னைக்கு வந்து பதினெட்டு வருடங்கள் முடிகின்றன. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை பின்னேரம், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்து இறங்கினேன். கலியாணம் கட்டி வந்தவள். மாப்பிள்ளை மயிலாப்பூர்க்காரர், அவரைப் பற்றி ஊரில் இதைப் படிக்கும் உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன்.

வந்த நாளை நான் மறந்தாலும் அரசாங்கம் மறக்க விடாது. ஒவ்வொரு வருடமும் இதே வாரத்தில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். பதினெட்டு வருடமாக இருந்துகொண்டிருப்பவளிடம் ஏன் வந்தாய் என்று கேட்டால் என்ன எழுதுவது? முதல் வருடம் 'திருமணம்' என்று எழுதினேன். அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். ஒவ்வொரு தையிலும் கலியாணம் கட்டிக்கொள்வது போல இருக்கும்.

இம்முறை மேசைக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி இருந்தார். நான் இரண்டு வசனம் பேசியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், மலையாளமா?"

"இல்லை தம்பி, யாழ்ப்பாணம்."

"ஓ, சிலோன்! என்ன வேலை பாக்கறீங்க?"

"இங்கிலீஷ் டீச்சர்."

"தமிழே எங்களுக்குப் புரியலையே மேடம், இங்கிலீஷ் எப்படிப் புரியுது பசங்களுக்கு?"

பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பழைய பகிடிதான். ஆனால் அன்று அந்தக் கேள்வி வேறு மாதிரி விழுந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் என் மாணவிகள் மேடையேறியிருந்தார்கள். யாருக்கு எது எப்படிப் புரிகிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். அதை இன்னும் வியப்பு ஆறாமல் எழுதுகிறேன். என் நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமைக்குரிய பக்கத்தில் 'நாடகம் நடந்தது' என்ற ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. இவை மற்ற வரிகள்.

2

கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் படிப்பிக்கிறேன். பழைய பங்களாக்களுக்கு நடுவில், இரண்டு மாமரமும் ஒரு கொடிக்கம்பமும் உள்ள சின்னப் பள்ளி. பெயருக்கு ஆங்கில வழி. பிள்ளைகள் ஆங்கிலத்தை எழுதுவார்கள், பரீட்சையில் தேறுவார்கள், வாய் திறந்து பேச மாட்டார்கள். அதற்காகவே இந்த வருடம் ஆண்டு விழாவில் போட ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நாடகம் எடுத்தேன். சில நூற்றாண்டுகள் பழைய ஆங்கிலத் துயர நாடகம், மாணவர்களுக்காகச் சுருக்கியது. பெயர் இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. கதை மட்டும் போதும்.

ஒரு நகரத்தைப் பகைவர் சூழ்ந்திருக்கிறார்கள். இரவில் யார் வந்து தட்டினாலும் கோட்டைக் கதவைத் திறக்கக்கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான். அன்றிரவு காயத்தோடு வந்து தட்டுவது அவனுடைய மகன். அரசனுக்குக் குரல் தெரிகிறது. பகைவரின் தந்திரமாகவும் இருக்கலாம் என்று நினைக்கிறான். விடியட்டும் என்கிறான். விடிந்து கதவைத் திறக்கும்போது மகன் வாசலில் இறந்து கிடக்கிறான். பகைவர் இரவே போய்விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஜூலை மாத இரண்டாம் செவ்வாய், முதல் வகுப்பு. கோட்டைக் கதவை விளக்கும்போது என் வாயில் 'படலை' என்று வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே வகுப்பு முழுக்க விழித்தது.

"படலைன்னா இன்னா மிஸ்?" என்றாள் ஷபானா. தி. நகரில் தையற்கடை வைத்திருப்பவரின் மகள். வகுப்பில் முதல் வாய் எப்போதும் அவளுடையது.

"கேட்டு."

"அப்ப கேட்டுன்னே சொல்லலாம்ல மிஸ்! எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க?"

அன்றிலிருந்து அவர்களுக்கு அது 'படலை நாடகம்'. மற்ற ஆசிரியைகள்கூட "உங்க படலை ரிகர்சல் எப்போ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த ஊருக்கு நான் கொண்டுவந்து சேர்த்த ஒரே சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

கதையைச் சொல்லி முடித்ததும் பெரிய வாதம் எழுந்தது.

"ராஜா லூசா மிஸ்? சொந்தப் புள்ளைக்குத் தொறக்க மாட்டானா?"

"சட்டம் போட்டதே அவன்தாண்டி. அவனே எப்படித் தொறப்பான்?"

"எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பத்து மணிக்கு மேல எங்கப்பாவையே உள்ள விடமாட்டாரு மிஸ். சைட்ல ஒரு சின்ன கேட்டு கீது, அதுல வருவாரு."

"அந்தக் கோட்டைக்கு சைடு கேட்டு இருந்திருந்தா கதையே இல்லடி!"

சிரித்தார்கள். துயர நாடகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பக்க வாசல் இல்லாத கோட்டை.

அந்தச் சிரிப்பில் சேராமல் ஜன்னலோரம் இருந்தவள் கோகிலா. அவள் குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது. குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றில் வீடு கொடுத்தார்கள். பள்ளியை மாற்றாமல் அங்கிருந்தே இரண்டு பஸ் மாறி வருகிறாள். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள். ஒரு சொல் வராது. கண்ணில் பயமும் இருக்காது. வாய் தன்னுடையதில்லை என்பது போல ஒரு பொறுமை.

ஆகஸ்டில் ஒரு நாள் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தேன். இளவரசனை யார் வாசிப்பது என்றபோது அவள் எழுந்தாள். "நான் சொல்றேன் மிஸ்." கையில் புத்தகம் இல்லை.

பிறகு ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினாள். இளவரசனின் வசனங்களை மட்டுமல்ல. பக்கத்தில் என்ன அச்சாகியிருந்ததோ அத்தனையையும். 'இருள். காற்றின் ஓசை. இளவரசன் இடப்பக்கமிருந்து வருகிறான். அப்பா, நான்தான். மூன்று முறை தட்டுகிறான். பதில் இல்லை. அப்பா, என் குரல் தெரியவில்லையா? முழங்காலில் விழுகிறான்.' எல்லாம் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். நம் பிள்ளைகள் படிக்கும் முறை அதுதானே. பரீட்சையில் எது வரும் என்று தெரியாது; ஆகவே எதையும் விடக்கூடாது.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "ஏய், அது நடிக்க வேண்டியதுடி! சொல்றதுக்கில்ல!"

நிறுத்தச் சொல்ல நான் கையைத் தூக்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மாதமாகச் சொல் வராத வாயிலிருந்து பழைய ஆங்கிலம் தண்ணீர் போல வந்துகொண்டிருந்தது. அவள் முடிக்கும் வரை நான் கையை இறக்கவில்லை.

இளவரசன் அவள்தான் என்று அன்றே முடிவாயிற்று. அடுத்த மாதங்களில் எது வசனம், எது குறிப்பு என்று பிரித்துக் காட்டினேன். குறிப்புகளை விழுங்கக் கற்றாள். தட்டக் கற்றாள், விழக் கற்றாள். நவம்பரில் மற்ற பாடங்களிலும் கையுயர்த்துகிறாள் என்று கணக்கு ஆசிரியை வந்து சொன்னார்.

3

நானும் மேடையில் செத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில், எங்கள் பாடசாலை நாடகப் போட்டியில். அது எந்தக் காலம் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே சாவு நிறைய இருந்தது. ஆனாலும், அல்லது அதனால்தானோ, மேடைச் சாவு வேறு சாமான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நான் விழுந்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக் கிடந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சொன்னார்: "வடிவாச் செத்தனி பிள்ளை. ஆனா கால் பெருவிரல் ஆடினது."

இதை மகளுக்குச் சொன்னேன். அவளுக்குப் பதினான்கு வயது, அடையாறில் வேறு பள்ளி. ஃபோனிலிருந்து கண் எடுக்காமல், "செம காமெடிம்மா உங்க ஊரு" என்றாள். உங்க ஊரு. அவள் அப்படிச் சொல்லத் தொடங்கி மூன்று வருடமாயிற்று. முதல் தடவை சொன்ன நாளையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் ஃபோனில் ஊருக்குக் கதைக்கும்போது அவளுடைய சிநேகிதிகள் இருந்தால் கதவைச் சாத்துகிறாள். கோபமில்லை, வெட்கமும் இல்லை. வெளியே மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவது போல ஒரு காரியம்.

ஒரே தமிழ்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள்ளேயே ஒருவர் சொல்வது மற்றவருக்கு அயலூர்க் காற்றாகப் போகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நானூறு ஐந்நூறு வருடத்துக்கு அப்பாலிருந்து வரும் குரல் போய்ச் சேரும் என்று எந்தத் துணிவில் நம்பினேன் என்று அந்த நாட்களில் அடிக்கடி யோசித்தேன்.

4

டிசம்பரில் ஒரு புதன்கிழமை (இல்லை, வியாழன், புதன் மழை விடுமுறை) கோகிலாவின் அம்மா வந்தார். பெயர் சரோஜா. ரங்கநாதன் தெருவில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறார். கடைச் சீருடைப் புடவையிலேயே வந்திருந்தார். தலைமையாசிரியையின் அறையில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"இன்னா மிஸ் சொல்லித் தர்றீங்க எம்பொண்ணுக்கு?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "வேலைலேர்ந்து வந்து கதவத் தொறக்கிறேன். நடு ஊட்ல கண்ண மூடிக்கினு கெடக்குது. கூப்புடுறேன், ஏந்திரிக்கல. நாடகமாம், அப்புறமா அந்த ராஜா கதைய முழுசாச் சொல்லுது. நான் கத்துன கத்துல பக்கத்து ஊட்டுக்காரங்கல்லாம் வந்துட்டாங்க."

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுக்கு மூத்ததா ஒரு பொண்ணு இருந்துச்சு மிஸ். ஏழு வயசு. காய்ச்சல். ராத்திரி ரொம்பக் கொதிச்சுது. காலைல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம், விடியட்டும்னு நாந்தான் சொன்னேன். இப்டித்தான் கெடந்துச்சு, இதே மாதிரி. ஒண்ண அப்டிப் பாத்தாச்சு. இன்னொண்ண வெளாட்டுக்குக்கூடப் படுக்க வெக்க மாட்டேன். மேடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஏற்கெனவே தயங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆண்டு விழாவை இங்கே மங்களமாக முடிக்க வேண்டும். மேடையில் பிணம் கிடக்க நன்றியுரை சொல்வதெப்படி? "அவங்க சொல்றதும் சரிதானே. வேற பொண்ணப் போடுங்க மிஸ்" என்றார் மெதுவாக.

சரோஜா போன பிறகு கோகிலாவைக் கூப்பிட்டேன். சொன்னேன். தலையை ஆட்டினாள். அடுத்த நாள் எல்லாருக்கும் விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டு அவளைப் பார்த்தேன். எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஜூலை மாதத்துப் பொறுமை திரும்ப வந்திருந்தது.

"இஞ்ச வா பிள்ளை, பயப்படாதை" என்றேன், பதற்றத்தில் ஊர்த் தமிழில். ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

இளவரசனாக வர மற்ற எல்லோரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஷபானாதான் எழுந்தாள். நாடகத்தில் அவள்தான் அரசன்.

"மிஸ், அவ படுக்கக் கூடாது, அவ்ளோதானே? படுக்க வேணாம். மொதல்ல பண்ணாளே அது மாதிரி பண்ணட்டும்."

"எது மாதிரி?"

"வாயால. விழறான், சாவுறான்னு எல்லாத்தையும் சொன்னாளே. சொல்லிட்டு நிக்கட்டும். நாங்க சிரிக்க மாட்டோம் மிஸ்."

5

ஜனவரியில், விழாவுக்குச் சில நாள் முன்பு, பள்ளி விட்டதும் நானும் ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். பொங்கல் கூட்டம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடை வரை என் கால் என்னுடையதாக இல்லை. மூன்றாம் மாடியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் சரோஜா நின்றார். என்னைக் கண்டதும் ஒரு புடவையை எடுத்து விரித்தார். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார், வாங்க வந்தவளிடம்தான் பேச முடியும். ஆகவே நானும் தலைப்பைத் தொட்டுப் பார்த்தபடி சொன்னேன்.

"படுக்க மாட்டா. கண்ணை மூட மாட்டா. நின்றபடி வாயால் சொல்லுவா. அவ்வளவுதான்."

அவர் இன்னொரு புடவையை விரித்தார். "இன்னான்னு சொல்லும்?"

"இளவரசன் விழுகிறான், எழவில்லை என்று. இங்கிலீஷில்."

"அது தன் பேரச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டா. இளவரசன் பேர்தான்."

"நின்னுக்கினு தானே?"

"நின்றுகொண்டுதான்."

"வெள்ளைத் துணி வேணாம்."

"இல்லை."

"மாலை கீலை போடக் கூடாது."

"போட மாட்டோம்."

புடவையை மடித்தார். மடிப்பு சரியாக வரும் வரை நீவிவிட்டார். "சனிக்கிழம பர்மிஷன் கேக்குறேன். நானே வந்து பாப்பேன். படுத்துச்சுன்னா மேடைக்கே வந்து இட்டுக்கினு பூடுவேன்."

"வாங்க" என்றேன்.

6

அந்தச் சனிக்கிழமை பின்னேரம். மாமரத்தடியில் மேடை. முன் வரிசையில் விருந்தினர்கள், பின்னால் பெற்றோர்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம் தெரியாதவர்கள். மைக் ஒருமுறை கூவி அடங்கியது. சரோஜா உட்காரவில்லை, பக்கவாட்டில், மேடைப் படிக்கு அருகில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படிக்கு மறுபக்கம்.

முதல் பகுதி வழக்கமான பள்ளி நாடகம். கிரீடம் சரிந்தது. ஒரு காவலாளி தன் வசனத்தை மறந்து அடுத்தவளுடையதைச் சொன்னாள். பின்வரிசையில் பேச்சும் முறுக்குக் கடிக்கும் சத்தமும்.

பிறகு கோகிலா வந்தாள். பள்ளிச் சீருடையிலேயே. வேடம் ஒன்றும் போடவில்லை. நடு மேடையில் எங்களைப் பார்த்து நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில்.

'இருள்' என்றாள் ஆங்கிலத்தில். வெயில் இன்னும் இறங்கவில்லை. 'காற்றின் ஓசை.' இலை அசையவில்லை. 'இளவரசன் வருகிறான்.'

ஆகஸ்டில் சொன்ன அதே குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, அழுகை இல்லை. 'மூன்று முறை தட்டுகிறான்' என்று சொல்லி மூன்று தட்டுக்குரிய நேரம் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தில் நாங்கள் எல்லோரும் தட்டினோம். பின்வரிசைப் பேச்சு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது. நின்றிருந்தது.

'அப்பா, நான்தான்' என்றாள். பின்னாலிருந்து ஷபானாவின் குரல்: 'விடியட்டும்.'

அந்த ஆங்கிலச் சொற்கள் எத்தனை பேருக்கு விளங்கின? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெண் நிமிர்ந்து நின்றபடி, கண்ணைத் திறந்தபடி, ஒருவன் முழங்காலில் விழுவதைச் சொன்னாள். விழுந்தவன் கதவைத் தொடுவதைச் சொன்னாள். அவன் எழவில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அப்போது நான் கண்டதைத்தான் இத்தனை நாளும் எழுத முடியவில்லை. அத்தனை பேரில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் நின்றிருந்த இடத்துக்கு முன்னால், வெறும் பலகையைப் பார்த்தார்கள். குழந்தைகள் எட்டிப் பார்த்தன. முன்வரிசை விருந்தினர் ஒருவர் தன்னையறியாமல் பாதி எழுந்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்தது. நான் மேடையில் மூச்சை அடக்கிக் கிடந்த நாளில் அம்மா கண்டது என் கால் பெருவிரலை. இங்கே கால் இல்லை, விரல் இல்லை, அசைய ஒன்றுமே இல்லை. அதற்கு முன்போ பின்போ அவ்வளவு முழுமையாக இறந்த ஒருவனை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

விடிந்தது. அரசனாகிய ஷபானா கதவைத் திறந்து வந்தாள். அந்தப் பலகையருகே உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறு வரி வசனம் இருந்தது. இரண்டு வரியோடு நின்றுவிட்டாள். அழத் தொடங்கினாள், நடிப்பில்லை, தோள் குலுங்க, மூக்கொழுக. திரை இழுப்பவள் திரையை மறந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியை நன்றியுரைத் தாளோடு பக்கத்தில் நின்றார்; அவரும் நகரவில்லை.

சரோஜா தூணை விட்டார். படியேறினார். மகளை அழைத்துப்போகத்தான் போகிறார் என்று நினைத்து நானும் இரண்டு படி ஏறினேன். அவர் கோகிலாவைத் தாண்டிப் போனார். நடு மேடைக்கு வந்ததும் அந்த வெறும் பலகையை மிதிக்காமல், சேலையை ஒதுக்கிக்கொண்டு, சுற்றிப் போனார். ஷபானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மைக் அருகிலேயே இருந்ததால் அவர் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

"அழாத கண்ணு. நீ வேணும்னா பண்ண? ராத்திரில யாருக்கு இன்னா தெரியும்? விடிஞ்சாத்தான தெரியுது. நீ வேணும்னு பண்ணல. அழாத."

கோகிலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் அவர்கள் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள். சரோஜா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் அவள் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"நீ உக்காராத. நீ நின்னுக்கினே இரு."

அவள் நின்றாள்.